பின்சில்லுப் பிரேக்கை மாற்றத்தான் வேண்டுமா?

மூதூருக்கும் வாகரைக்கும் நடுவே, வெருகல் ஆற்றுக்கு இப்பால் இருக்கிறது ஈச்சிலம்பற்று. 2006 இல் இடம்பெயர்ந்த மக்கள் 2007 இல் மீளக் குடியேறத் தொடங்கியபோது வீதி என்று சொல்ல அதிகம் இருக்கவில்லை. திருகோணமலை நகருக்குப் போவதென்றால் கிண்ணியாவில் பாதையில் ஏறி நீரைக் கடக்க வேண்டும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஏனைய துறைகளிலும் பாலங்கள் வந்தன, வீதி காபட் ஆனது. அதன்பின் தயிரும் கச்சானும் மீனும் கெப் வாகனங்களில் ஏறிச் சந்தைக்குப் போகத் தொடங்கின. குடும்பத்தைத் தலைமை தாங்கும் சகோதரிகள் சிலர் லீசிங்கில் பழைய கெப் ஒன்றை எடுத்து, மகனையோ தம்பியையோ சாரதியாக வைத்துத் தொழில் செய்கிறார்கள்.

வீதி நன்றாக வந்ததும் வேகமும் வந்தது. மாடுகள் மட்டும் முன்போலவே இரவில் வீதியில்தான் படுத்திருக்கின்றன. ஆகவே பிரேக் பற்றிய பயம் நியாயமானது. அந்தப் பயத்தோடு கராஜுக்குப் போகிறவர்களுக்கு அண்மைக்காலமாக ஓர் ஆலோசனை கிடைக்கிறது: "பின்னால் இருக்கிற ட்ரம் பிரேக்கைக் கழற்றி டிஸ்க் போடுங்கள், மலிவாகச் செய்து தரலாம்." கடன் எடுத்து இதைச் செய்யலாமா என்று மாதர் சங்கக் கூட்டங்களில் கேட்கிறார்கள். நான் படித்தது சமூகவியல். ஆனாலும் எங்கள் சகோதரிகளின் காசு எங்கே போகிறது என்பது என் வேலைக்குள் அடங்குவதால், விடயம் தெரிந்தவர்களிடம் நின்று கேட்டு விளங்கிக்கொண்டேன்.

ட்ரம் என்பது சில்லோடு சேர்ந்து சுற்றும் ஒரு இரும்புச் சட்டி. பெடலை மிதித்ததும் உள்ளே இருக்கும் இரண்டு பிறை வடிவச் சூக்கள் விரிந்து சட்டியின் உட்சுவரை உரசும். டிஸ்க் என்பது வெளியே திறந்திருக்கும் ஒரு தட்டு; கலிப்பர் அதை இரு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும். தட்டு திறந்திருப்பதால் சூடு சீக்கிரம் ஆறும், தண்ணீர் உடனே வழிந்து போகும். 1953 இல் பிரான்சின் லு மான் ஓட்டப் பந்தயத்தில் ஜகுவார் கார் வென்றபோது டிஸ்க் பிரேக்கின் பெயர் உலகமெங்கும் பரவியது. அப்படியிருந்தும் டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற கெப்களில் பெரும்பாலானவை முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு ட்ரம் என்றே வந்தன. ட்ரம் மலிவானது, ஹான்ட் பிரேக் அதற்குள்ளேயே அடங்கிவிடும், சில்லு சுற்றும் விசையே சூவை மேலும் இறுக்குவதால் பாரத்தோடு நிற்கும்போது நல்ல பிடி இருக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிரேக் பிடித்ததும் வாகனத்தின் பாரம் முன்னுக்குச் சாய்கிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பாதிக்கு மேல் முன் சில்லுகளே செய்கின்றன. கண்டிப் பக்கம் நீண்ட இறக்கத்தில் பாரத்தோடு இறங்குகிறவர்களுக்கு ட்ரம் சூடேறிப் பிடி குறையும் ஆபத்து உண்டு. எங்கள் பக்கம் தரை மட்டம். இங்கே ட்ரம்முக்கு எதிரி வெள்ளமும் சேறும் கடற்கரை மணலும்தான்.

லீசிங்கில் கெப் எடுத்த சகோதரி ஒருவர். பின் பிரேக் பிடிப்பதில்லை, டிஸ்க் போடத்தான் வேண்டும் என்று கராஜில் சொல்லிவிட்டார்கள். சங்கத்தில் கடன் கேட்டு வந்தார். பணம் கொடுக்கும் முன் இன்னொரு கராஜில் ட்ரம்மைக் கழற்றிக் காட்டும்படி கேட்டோம். ஒரு பக்க வீல் சிலிண்டர் கசிந்து, சூ முழுவதும் ஒயிலில் ஊறியிருந்தது. இரு பக்கமும் சூக்களையும் சிலிண்டர்களையும் மாற்றினார்கள். டிஸ்க்குக்குச் சொன்ன தொகையில் சிறு பங்குதான் முடிந்தது.

அந்த மெக்கானிக் இன்னொரு பிழையையும் காட்டினார். கூடுதல் பாரம் ஏற்றுவதற்காகப் பின் ஸ்பிரிங்கில் மேலதிகப் பட்டைகள் போடப்பட்டிருந்தன. பல கெப்களில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைத்த வால்வு ஒன்று உண்டு. பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்தால் அது பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் கொடுக்கும். பட்டை போட்டு உயர்த்திய வாகனம் தாழ்வதில்லை. வாகனம் வெறுமையாக இருக்கிறது என்று வால்வு நினைத்துக்கொள்கிறது. முழுப் பாரம் ஏற்றியும் பின் பிரேக் அரைகுறையாகவே பிடிக்கும். இதற்கு டிஸ்க் போட்டாலும் பலனில்லை. வால்வைச் சரிசெய்ய வேண்டும், அல்லது பட்டையைக் கழற்றிப் பாரத்தைக் குறைக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் டிஸ்க் போடத்தான் போகிறீர்கள் என்றால் எங்கே மிச்சம் பிடிக்கக்கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள். மலிவான வழி, அதே கம்பனியின் பொருத்தமான வாகனத்திலிருந்து கழற்றிய தட்டு, கலிப்பர், தாங்கி எல்லாவற்றையும் ஒரே தொகுதியாக வாங்குவது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகங்கள் விற்கும் கடைகள் ஏராளம். ஆனால் ஹான்ட் பிரேக் வசதியுள்ள கலிப்பராக இருக்க வேண்டும். அது இல்லாமல் பூட்டிவிட்டு, நிறுத்தும்போது சில்லுக்குக் கல் வைத்துக்கொள்ளலாம் என்பவர்களை நம்ப வேண்டாம். பிள்ளைகள் விளையாடும் வளவில் நிற்கும் வாகனம் அது. கலிப்பருக்கு ட்ரம்மை விடக் கூடுதல் ஒயில் தேவை, ஆகவே மாஸ்டர் சிலிண்டர் ஈடுகொடுக்குமா என்றும் பார்க்க வேண்டும். பின்னுக்குப் போகும் அழுத்தத்தைப் புதிதாக அளந்து சரிசெய்யாவிட்டால், வெறும் வாகனத்தில் பின் சில்லு முதலில் இறுகி, மழை வீதியில் வாகனம் சுழன்றுவிடும். தாங்கியை வெட்டி ஒட்டி வெல்டிங் செய்து தருகிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். காப்புறுதிக் கம்பனியிடமும் முன்கூட்டியே கேளுங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் திறக்கப்படும்வரை பழைய கெப்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. இருப்பதைப் பேணுவது தவிர வேறு வழி இருக்கவில்லை. பேணுவதற்கு அதிக செலவும் இல்லை. பின் டயரின் உட்பக்கம் ஈரமாக இருந்தால் சிலிண்டர் கசிகிறது என்று அர்த்தம். பெடல் முன்பைவிட ஆழமாகப் போனால் சூ தேய்ந்திருக்கலாம், இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். தேய்ந்த ட்ரம்மைக் கடைந்தால் எவ்வளவு அகலம்வரை போகலாம் என்று பெரும்பாலும் அந்த ட்ரம்மிலேயே பொறித்திருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். சூ மாற்றினால் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிட வேண்டாம், பழைய லைனர்களில் கல்நார் இருக்கலாம். ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அது 140 வரை இறங்கலாம். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், உள்ளிருக்கும் றப்பர்கள் எல்லாம் ஊதிப் பழுதாகிவிடும்.

2011 ஜனவரி வெள்ளம் போல மகாவலி பெருகி வெருகல் பக்கம் தண்ணீர் ஏறும் காலங்களில், தண்ணீரைக் கடந்ததும் வாகனத்தை மெதுவாக ஓட்டியபடி பெடலை இலேசாகப் பல தடவை மிதிக்க வேண்டும். அந்தச் சூட்டில் சூ காயும். சில்லு மூழ்கி நின்ற வாகனம் என்றால், அடுத்த பயணத்துக்குத் தயிர்ச் சட்டி ஏற்றுமுன் ட்ரம்மைக் கழற்றிச் சேற்றைக் கழுவுங்கள். பெயாரிங் கிறீசையும் பின் அச்சு ஒயிலையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.