யோயிச்சியில் ஒரு திராட்சைத் தோட்டம்

சிறு நிலமுடைய குடியானவர் தம் விளைபொருளைத் தாமே பக்குவஞ் செய்து விற்று வாழ இயலுமா? இவ்வினா உழவர்க்கும் நெசவாளர்க்கும் பொதுவானது. பழமோ நூலோ கைமாறுந்தோறும் ஆதாயம் பிறரைச் சேர்வதை நம் அங்கத்தினர் நன்கறிவர். ஜப்பானில் ஒரு குடும்பம் இதற்குக் கண்ட விடையை ஈண்டுக் கூறுவோம். மதுவைப் புகழ்தல் நம் நோக்கமன்று. தொழில்முறையை அறிதலே நோக்கம்.

ஐரோப்பியத் திராட்சை ஜப்பானில் எளிதில் விளைவதன்று. நாட்டின் பெரும்பகுதியில் ஜூன், ஜூலை மாதங்களில் அடைமழை பெய்யும். பின்னர்ப் புயல் வரும். ஈரத்தால் இலையிலும் குலையிலும் பூசணம் பற்றும். வடக்கேயுள்ள ஹொக்கைடோ தீவில் அவ்வடைமழை மிகக் குறைவு. அத்தீவில், ஆப்பிளுக்குப் பெயர்பெற்ற கடற்கரை ஊர் யோயிச்சி.

நாகானோ மாநிலத்தில் திராட்சை மது செய்யும் குடும்பத்திற் பிறந்த தகஹிக்கோ சோகா, வேறொரு பண்ணையில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தொழில் செய்தபின், 2010இல் யோயிச்சியில் தமது தோட்டத்தை நிறுவினார். பிரான்சின் புர்கண்டி வட்டாரத்துப் 'பினோ நுவார்' என்னும் கருந்திராட்சை ஒன்றையே நட்டு, இயற்கை முறையில் வளர்த்து வருகிறார். பழத்தைக் காம்பு நீக்காமல் முழுக்குலையாகவே தொட்டியிலிட்டு, அதனோடு இயல்பாய் வரும் ஈஸ்டினாலேயே புளிக்க விடுகிறார். இம்முறைக்குப் பெரும் யந்திரங்கள் வேண்டியதில்லை. சில கைகளே போதும்.

குளிர்காலத்தைக் கடத்தும் விதம் வியப்பிற்குரியது. ஹொக்கைடோ உழவர் கொடியை நேராக நடாமல் சாய்வாக நடுவர். இலையுதிர்ந்தபின் கிளை கழித்து, கம்பியினின்று அவிழ்த்துத் தரையில் படுக்கவிடுவர். அதன்மேல் வெண்பனி குவியும். வெளியே கடுங்குளிர் வாட்டினும் பனிக்கடியில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்பதால், மொட்டுகள் பிழைக்கும். வசந்தத்தில் கொடிகளை மீண்டும் தூக்கிக் கட்டுவர். பகையெனத் தோன்றிய பனியே போர்வையாகிறது.

எனினும் உழைப்பு மட்டும் போதாது. சட்டமும் இடந்தர வேண்டும். பழமது உரிமம் பெற ஆண்டுக்குக் குறைந்தது 6,000 லிட்டர் செய்தாக வேண்டுமென்பது ஜப்பானியப் பொதுவிதி. சிறு உழவர்க்கு இது எட்டாத அளவு. 2011இல் யோயிச்சி தனி மண்டலமாக அறிவிக்கப்பட்டது. அவ்வூர்ப் பழத்தைக் கொண்டு செய்வோர்க்கு அளவு 2,000 லிட்டராகக் குறைந்தது. சோகாவும் இளைஞர்களைத் தம்மிடம் சேர்த்துப் பயிற்றுவித்தார். அவர்களுட் சிலர் அண்மையிலேயே சொந்தத் தோட்டம் அமைத்தனர். 2010க்கு முன்னர் ஒன்றே இருந்த ஊரில் இன்று பத்துக்கு மேற்பட்ட மதுச்சாலைகள் உள்ளன.

சோகாவின் 2017ஆம் ஆண்டு மது, 2020இல் கோபன்ஹேகன் நகரின் புகழ்மிக்க 'நோமா' உணவகத்தின் பட்டியலில் இடம்பெற்றது. எனினும் அண்டை உழவரைப் போட்டியாளராகக் கருதாமல் தொழிலைக் கற்பித்ததே அதனினும் பெரிதென்போம். ஒருவர் தேர்ச்சி ஊரார் தேர்ச்சியானால் ஊர் நிலைபெறும். நம் சங்கங்களின் அடிப்படையும் அதுவன்றோ?