மூதாதையர் நாட்டுக்குப் போவதா? - இந்திய யூதர்களின் கேள்வி

பம்பாயில் பைக்குலாப் பக்கம் செல்லும் தமிழன்பர்கள் மணிக்கூண்டோடு கூடிய மாகேன் டேவிட் ஜெப ஆலயத்தைக் கண்டிருக்கக் கூடும். கல்கத்தாவிலும், தில்லியில் ஹுமாயூன் சாலையிலும் யூதர்களின் ஆலயங்கள் உண்டு. கட்டடங்கள் நிற்கின்றன, உள்ளே தொழுவோர் மிகச் சிலர். 1951ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியாவில் யூதர் சற்றேறக்குறைய 26,000 பேர் இருந்தனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கிலோ அவர்தம் தொகை 5,000க்கும் குறைவு. சென்றவர்களுட் பெரும்பாலோர் இஸ்ரேல் நாட்டுக்குச் சென்றனர். பாக்தாத்திலிருந்து வந்து கல்கத்தாவில் வாழ்ந்த யூதருட் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றனர். அவர்களை இந்நாட்டில் எவரும் துரத்தவில்லை என்பது உலகறிந்த செய்தி. அங்ஙனமிருக்க, ஏன் சென்றனர்? செல்வதா இருப்பதா என்பதை ஒரு குடும்பம் எவ்வாறு முடிவு செய்தது? இன்றும் எவ்வாறு முடிவு செய்கிறது?

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு ஊர் திரும்புதல் என்பதன் பொருள் தெளிவானது. விடுமுறை வந்தால் இரயில் ஏறுகிறோம். அங்கே பாட்டனார் வீட்டுத் திண்ணை இருக்கிறது. நம் மொழி பேசுவோர் இருக்கின்றனர். யூதருடைய 'திரும்புதல்' அவ்வகையைச் சேர்ந்ததன்று. முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் விட்டு வந்ததாக நம்பப்படும் நாடு அது. தந்தையும் பாட்டனும் அதனைக் கண்ணாற் கண்டதில்லை. ஆண்டுதோறும் பஸ்கா விருந்தின் முடிவில், வரும் ஆண்டு எருசலேமில் கூடுவோம் என்னும் பொருள்பட வாழ்த்திக் கொள்வது அவர்கள் மரபு. அது ஒரு வேண்டுதல்; பயணத் திட்டமன்று. 1950ஆம் ஆண்டு ஜூலையில் இஸ்ரேல் பாராளுமன்றம் திரும்பும் உரிமைச் சட்டத்தை இயற்றியபோது நிலைமை மாறியது. சில விலக்குகள் நீங்கலாக, யூதர் எவரும் வந்து குடியேறலாம் என்று அச்சட்டம் கூறியது. 1970இல் யூதர்தம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்களுடைய வாழ்க்கைத் துணைவர் ஆகியோருக்கும் அவ்வுரிமை விரிந்தது. கதவு பூட்டியிருந்தவரையில் வெளியே நிற்பவன் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. அது திறந்துவிட்ட பிறகு, நின்ற இடத்தில் நிற்பதும் ஒரு முடிவாகிவிடுகிறது.

கொச்சி யூதரை முதலில் நோக்குவோம். ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அளித்த செப்பேடு இன்றும் இருக்கிறது. அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமையும், எழுபத்திரண்டு சிறப்புரிமைகளும் அதில் அவனுக்கு வழங்கப்பட்டன. அது வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. தமிழும் மலையாளமும் இன்னும் முற்றப் பிரியாத காலத்து மொழி. 1568இல் மட்டாஞ்சேரியில் எழுந்த பரதேசி ஜெப ஆலயம் கொச்சி மன்னரின் அரண்மனையை ஒட்டியே நிற்கிறது. அதன் நானூறாம் ஆண்டு விழா 1968இல் நடந்தபோது பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார். இந்திய அரசு அஞ்சல் தலையும் வெளியிட்டது. இத்தகைய மதிப்புடன் வாழ்ந்தோர், அவ்விழாவுக்கு முன்னரே பெரும்பாலும் சென்றுவிட்டனர். 1953 முதல் 1955 வரையுள்ள காலத்தில் மலபார் யூதர் ஊர் ஊராகப் புறப்பட்டனர்.

பக்தியே அவர்களை ஈர்த்தது என்று கூறுவது எளிது; அது பொய்யுமன்று. ஆயினும் அதனினும் வலிய காரணம் ஒன்று உண்டு. யூதர்தம் பொதுத் தொழுகை முறைப்படி நடைபெற, பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். இருபது குடும்பங்கள் உள்ள ஊரில் பன்னிரண்டு குடும்பங்கள் போய்விட்டால், எஞ்சிய எட்டும் தொழுகைக்கு ஆள் தேட வேண்டியிருக்கும். பெண்ணுக்கு மாப்பிள்ளை யார்? இறந்தவர்க்காகச் சொல்லும் பிரார்த்தனைக்கும் அதே பத்துப் பேர் வேண்டுமே! ஆகவே ஒரு வீட்டார் தமக்கென்று எடுத்த முடிவு, அடுத்த வீட்டாரின் முடிவையும் பாதி எடுத்துவிட்டது. போக விரும்பாதவரும், இருக்க இயலாமற் போயினர்.

வழியும் எளிதாக இருக்கவில்லை. மலபாரில் யானைக்கால் நோய் உண்டு என்பதால், அந்நோய் தம் நாட்டில் பரவுமோ என்று இஸ்ரேல் அதிகாரிகள் அஞ்சினர். அதனாற் பயணம் சில ஆண்டுகள் தாமதப்பட்டது. வீடு வாசலை விற்றுவிட்டுக் காத்துக்கிடந்த குடும்பங்களின் நிலை இரங்கத்தக்கது. இவர்களுக்காக வாதாடியவர் வழக்கறிஞர் ஏ. பி. சேலம். சென்னையில் சட்டம் பயின்றவர். 'யூத காந்தி' என்று பெயர் பெற்றவர். பரதேசி ஆலயத்திலேயே தம் பிரிவினர்க்குச் சம உரிமை மறுக்கப்பட்டபோது சத்தியாக்கிரகம் செய்து போராடியவர். அவர் இஸ்ரேலுக்கே சென்று தம்மவர் குடியேற்றத்துக்காகப் பேசினார். ஆனால் தாம் மட்டும் கொச்சியிலேயே இருந்து, 1967இல் அங்கேயே காலமானார். இதனை முரண்பாடு என்று சிலர் கருதலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பிறர் போகும் உரிமைக்காக வாதாடுவது ஒன்று, தாம் போவது வேறொன்று.

பரதேசிப் பிரிவினர் அப்போது உடன் செல்லவில்லை. செல்வமுடையோர்க்குச் சொத்தை விற்ற பணத்தை நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வது அந்நாளில் பெருந் தடையாக இருந்தது. வேண்டுதல் அனைவர்க்கும் பொது. கணக்கு மட்டும் வீட்டுக்கு வீடு வேறு.

இனி, கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் மக்களைப் பார்ப்போம். பம்பாய்த் தமிழர் இவர்களை அண்டை வீட்டாராகவே அறிந்திருப்பர். பேசுவது மராத்தி, பெயரின் ஈற்றில் ஊர்ப்பெயருடன் 'கர்'. நவ்காவ் அருகே கப்பல் உடைந்து கரையேறிய ஏழு ஆடவரும் ஏழு பெண்டிரும் தம் முன்னோர் என்பது இவர்கள் மரபுக் கதை. எண்ணெய் ஆட்டும் தொழில் செய்து, சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் 'சனிவார் தேலி' என்று ஊரார் அழைத்தனர். பெயரே சமயத்தைக் காட்டிக் கொடுத்தது எனலாம்.

புதிய நாட்டில் முதலில் சென்ற இவர்களுட் சிலர்க்கு ஏமாற்றமே காத்திருந்தது. பங்கீட்டு உணவு, பாலைநிலத்துக் குடிசை, தோலின் நிறத்தால் வேற்றுமை காட்டப்படுகிறது என்னும் மனக்குறை. எங்களை இந்தியாவுக்கே அனுப்பிவிடுங்கள் என்று தெல் அவீவ் நகரில் உட்கார்ந்து போராடினர். காந்தியடிகளின் நாட்டிலிருந்து சென்றவர்கள் அல்லவா! 1952இல் நூற்றுக்கு மேற்பட்டோர் பம்பாய்க்குத் திரும்பி வந்தனர். வியப்பு என்னவெனில், அவர்களுட் பலர் சில ஆண்டுகளில் மீண்டும் இஸ்ரேலுக்குப் போக விண்ணப்பித்தனர். இதைக் கேட்டு நகைப்பவர், இரண்டு ஊருக்கு உரியவராய் வாழ்ந்து பார்த்ததில்லை போலும்.

அடுத்த அடி இன்னும் ஆழமானது. 1960க்குப் பின், பெனே இஸ்ரேல் மக்களின் யூதத் தன்மை ஐயத்துக்கு உரியது என்று இஸ்ரேலின் தலைமைக் குருமார் கருதினர். திருமணம் பதிவு செய்யுமுன் தாய், தாயின் தாய் என்று மேலே மேலே மரபை ஆராய வேண்டும் என்று 1962இல் கட்டளை பிறந்தது. இங்கே ஊரார் அவர்களை "நீ யூதனா?" என்று கேட்டதில்லை. தம் இனத்தார் நாட்டில் அக்கேள்வி எழுந்தது. 1964இல் எருசலேமில் பெருங் கிளர்ச்சி நிகழ்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், இவர்கள் எல்லா வகையிலும் யூதரே, பிற யூதர்க்குள்ள உரிமைகள் அனைத்தும் இவர்க்கும் உண்டு என்று பாராளுமன்றம் அறிவித்தது, கட்டளையும் மாற்றப்பட்டது. சட்டம் நாட்டுக்குள் இடம் தரும். மணவறையில் இடம் தருவது வேறோர் அதிகாரம் என்பதை இந்திய யூதர் இவ்வாறுதான் அறிந்தனர்.

இன்று முடிவு செய்ய வேண்டியவர் முன் நிற்பவை யாவை? குடியுரிமை ஒன்று. இஸ்ரேல் பழைய குடியுரிமையைத் துறக்குமாறு கேட்பதில்லை; ஆனால் நம் நாட்டின் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேற்று நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்பவர் இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். ஓ.சி.ஐ. அட்டை பெற்றால் வந்து போகலாம், தங்கலாம்; வாக்கு இல்லை, விளைநிலம் வாங்க இயலாது. அங்கே பதினெட்டு வயதில் மகனுக்கும் மகளுக்கும் கட்டாயப் படைப்பணி உண்டு. அவ்வாறு பணிபுரிந்தவர்க்கும் ஓ.சி.ஐ. அட்டை கிடைக்கும் என்று 2017இல் பிரதமர் மோடி தெல் அவீவில் அறிவித்தது இக்குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். மொழி மற்றொன்று. தொழுகைக்கான எபிரேயம் வாசிக்கத் தெரிந்தவர், கடைத்தெருவில் அதைப் பேச இயலாது. மந்திரம் ஓதத் தெரிந்தவர் வடமொழியில் காய்கறி பேரம் பேசுவதைப் போன்றது. இதற்கென 'உல்பான்' என்னும் மொழிப்பள்ளிகள் உள்ளன. நாற்பது வயதுக்கு மேல் அகரம் கற்பது எல்லோர்க்கும் இயல்வதன்று.

இவற்றினும் கனமான பொருள் ஒன்று உண்டு. அந்நிலம் ஆளற்றுக் கிடந்த நிலமன்று. 1948இல் ஏழு இலட்சம் அளவில் பாலஸ்தீன அரபு மக்கள் வீடிழந்தனர். அவ்வழக்கு இன்னும் தீரவில்லை. 2023 அக்டோபர் 7க்குப் பின் மூண்ட போரை உலகம் கண்டது. மூதாதையர் நாடு என்று ஒருவர் செல்லுமிடம் மற்றொருவர்க்கும் மூதாதையர் நாடாக இருப்பதை, மனச்சான்றுள்ள குடும்பம் எண்ணாமல் இருக்க முடியாது. எண்ணியபின் சென்றோரும் உண்டு, நின்றோரும் உண்டு.

சேந்தமங்கலத்தில் பிறந்த எலியாகு பெசலேல் 1955இல் சென்று, நெகேவ் பாலையில் பசுங்குடில் அமைத்து ரோஜா பயிரிட்டார். இந்திய அரசின் பிரவாசி பாரதிய சம்மானும் பெற்றார். கவிஞர் நிசிம் எசக்கியேல் பம்பாயிலேயே இருந்து ஆங்கிலத்தில் எழுதி, 1983இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார். கல்கத்தாவில் பிறந்த ஜெனரல் ஜே. எஃப். ஆர். ஜேக்கப், 1971இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடையும் ஏற்பாடுகளைச் செய்தவர், 2016இல் தில்லியிற் காலமானார்.

கொச்சிக் கடவும்பாகம் ஆலயத்தின் மரவேலைப்பாடுகள் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டு, 1995 முதல் எருசலேம் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. மட்டாஞ்சேரியில் பரதேசி ஆலயம் பழைய இடத்திலேயே இருக்கிறது. கொச்சியில் எஞ்சியுள்ள யூதர் விரல்விட்டு எண்ணத் தக்கவர். அங்கே முறையான தொழுகை நடக்க வேண்டுமாயின், அயல்நாடுகளிலிருந்து சுற்றிப் பார்க்க வரும் யூதரைக் கொண்டே பத்துப் பேரை நிரப்ப வேண்டியிருக்கிறது.