வீடே ஆய்வகம்

வீட்டிலேயே பயிலும் குழந்தைக்குப் பள்ளி ஆய்வகம் இல்லை; கண்டறிந்ததைப் பகிர வகுப்புத் தோழரும் இல்லை. பிரிட்டனில் இக்குறையைப் போக்க உதவுவது, பிரித்தானிய அறிவியல் சங்கத்தின் ‘கிரெஸ்ட்’ விருதுத் திட்டம். வெண்கல விருதுக்கு ஏறத்தாழ 10 மணி நேரமும், வெள்ளிக்கு 30 மணி நேரமும், தங்கத்திற்கு 70 மணி நேரமும் ஆய்வில் ஈடுபட வேண்டும். இது போட்டியன்று, பிறரை வென்றுதான் விருது பெற வேண்டும் என்பதில்லை.

பனிக்கட்டியை நெடுநேரம் உருகாமல் காக்கும் துணி எது என்னும் எளிய வினாவும் ஆய்வாகலாம். அதற்குச் சமையலறையே போதும். ஒரே அளவுள்ள பனிக்கட்டிகளை எடுத்தல், நேரத்தைக் குறித்தல், மீண்டும் செய்து பார்த்தல் ஆகியவற்றால் குழந்தை அறிவியல் நெறியை உணர்கிறது. எதிர்பார்த்த முடிவு கிடைக்காவிடினும், அதன் காரணத்தை ஆராய்ந்து எழுதுவது மதிப்புப் பெறுகிறது. விடையைச் சொல்லிவிடும் பெற்றோரைவிட, ‘எவ்வாறு கண்டறிந்தாய்?’ என வினவும் பெற்றோரே அக்குழந்தையின் ஆர்வத்தை வளர்ப்பர்.