அரை விநாடியில் அகப்பட்ட கள்ளன்!

விண்டோஸ் 95 கணினியை அணைக்காமல் ஓடவிட்டால் 49.7 நாளில் ஹேங் ஆகி நின்றுவிடும், தெரியுமா? ஆன் செய்த கணத்திலிருந்து மில்லி விநாடிகளை எண்ணிக்கொண்டே போகிற ஒரு கணக்கு அதற்குள் உண்டு. அதற்கு ஒதுக்கிய இடமோ 32 பிட்தான். 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் வரை எண்ணியதும் இடம் தீர்ந்து, எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். கணினிக்குக் காலமே குழம்பிப்போகும்!

பூஜ்யம் என்றதும் யார்க்டவுன் ஞாபகம் வருகிறது. அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல். 1997 செப்டம்பரில் ஒரு மாலுமி கணினியில் ஒரு கட்டத்தில் 0 என்று பதிந்தார். பூஜ்யத்தால் வகுக்கப்போன மென்பொருள் விழுந்தது, பின்னாலேயே கப்பலின் நெட்வொர்க் விழுந்தது, என்ஜினை இயக்க வழியில்லாமல் அத்தனை பெரிய கப்பல் கடலில் அப்படியே நின்றது! உள்ளே இருந்தது விண்டோஸ் என்டி. பழி அதற்கா, அதன்மேல் ஓடிய செயலிக்கா என்று நெடுநாள் வாதம் நடந்தது. செயலிதான் தப்பு செய்தது என்றே இருக்கட்டும். ஒன்று விழும்போது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகாமல் தடுப்பதுதானே இயங்குதளத்தின் வேலை?

விண்டோஸ் மட்டும்தான் இப்படியா? ஆப்பிளின் மேக் கணினிக்கு வைரஸே வராது என்பார்கள். 2012இல் ஃப்ளாஷ்பேக் என்ற தீநிரல் ஜாவாவில் இருந்த ஓட்டை வழியே சுமார் 6 லட்சம் மேக்குகளுக்குள் புகுந்தது!

பிழையில்லை என்று அடித்துச் சொல்லும்படி எதையுமே எழுத முடியாதா? முடிந்திருக்கிறது! எஸ்இஎல்4 என்ற குட்டிக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி), தனக்கு வகுத்த விதிகளை மீறாது என்று 2009இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணித முறையில் நிரூபித்தார்கள். நிரல் சுமார் 8,700 வரி. நிரூபணம் சுமார் 2 லட்சம் வரி! லினக்ஸ் கெர்னலிலோ கோடிக்கணக்கான வரிகள். அதற்கு இப்படி நிரூபணம் எழுத யாரால் ஆகும்? அங்கே காவல், மனிதக் கண்கள்தாம்.

உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. அந்த லினக்ஸ் உலகத்துக்கே 2024இல் கண்டம் வந்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு கருவி ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதைப் பராமரிக்கும் பணியில் புனைபெயரில் ஒருவர் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக உழைத்து நம்பிக்கை சம்பாதித்தார். பிறகு, வெளியிலிருந்து யாருக்கும் தெரியாமல் கணினிக்குள் நுழைய ஒரு கொல்லைப்புறக் கதவை அதில் ஒளித்து வைத்தார்! சோதனைப் பதிப்புகள் வரை அது போய்விட்டது. லட்சக்கணக்கான சர்வர்களுக்குப் போகவிருந்த வேளையில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், லாகின் ஆக வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்தார். அரையே அரை விநாடி! வேறொருவராக இருந்தால் விட்டிருப்பார். இவர் விடாமல் தோண்டினார், மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார்.

லினக்ஸைக் காப்பாற்றிய அந்த ஃப்ராய்ண்ட் அப்போது எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? மைக்ரோசாப்டில்!