ஒரு சதுரமும் இரு மூலங்களும்

பாக்தாத் நகரில் கலீபா அல்-மாமூனின் ஆட்சியில் (813–833) வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்னும் கணித பண்டிதர், பாகப்பிரிவினை, வியாபாரம், நில அளவை முதலிய லௌகிக காரியங்களில் எழும் கணக்குகளைத் தீர்க்கும்பொருட்டு இயற்றிய நூலில், ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணின் பத்து மடங்கைக் கூட்ட 39 வருமாயின் அவ்வெண் யாது என்று வினவுகிறார்.

குறியீடு ஒன்றும் இல்லாமல், சொற்களாலும் படத்தாலுமே அவர் விடை காண்கிறார். தெரியாத எண்ணைப் பக்கமாக உடைய ஒரு சதுரம் வரைந்து, பத்து மடங்கை இரு கூறாக்கி, 5 அகலமுள்ள இரண்டு நீள்சதுரங்களாக அதன் அடுத்தடுத்த பக்கங்களில் ஒட்டினால், மூன்றின் பரப்பும் சேர்ந்து 39 ஆகும். இப்போது உருவத்தின் ஒரு மூலை மட்டும் வெறுமையாக நிற்கிறது. பக்கம் 5, பரப்பு 25 உள்ள சிறு சதுரத்தால் அதை அடைத்துவிட்டால் 64 பரப்புள்ள பெருஞ்சதுரம் பூர்த்தியாகிறது. அதன் பக்கம் 8. ஒட்டிய 5 போக மீதி 3. வர்க்கப் பூர்த்தி என்று மாணவர் மனப்பாடம் செய்யும் முறை இதுவே. அந்த மூலையைக் கண்ணால் கண்டவருக்கு மனப்பாடமே தேவையில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆயினும் இச்சமன்பாட்டுக்கு −13 என்ற இன்னொரு மூலமும் உண்டு: வர்க்கம் 169, பத்து மடங்கு −130, கூட்டினால் அதே 39. இந்தியக் கணித பண்டிதர் பிரம்மகுப்தர் 628-இலேயே தனம் (மிகை), ருணம் (குறை) என எண்களைப் பிரித்து அவற்றின் பெருக்கலுக்கு விதி வகுத்திருந்தார். ஆனால் சதுரத்தின் பக்கம் பூஜ்யத்துக்குக் குறைய இயலாதாகையால், அல்-குவாரிஸ்மி இம்மூலத்தைக் கொள்ளவில்லை.

இரண்டும் சம அந்தஸ்து உடையவை என்பதை ஐயமறக் காட்டுவது வரைபடமே. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு பத்து மடங்கைக் கூட்டி, 39-ஐக் கழித்து, வந்த தொகையை அவ்வெண்ணுக்கு நேர் மேலேயோ கீழேயோ புள்ளியாகக் குறித்து, எண்கள்தோறும் இவ்வாறே செய்துகொண்டு போனால், புள்ளிகள் யாவும் ஒரு பரவளையத்தில் அமைகின்றன. −5 என்னும் இடத்துக்கு நேரே, கிடையச்சுக்கு 64 அலகு கீழே அதன் அடிமுனை. அங்கிருந்து இருபுறமும் ஒரே விதமாக மேலேறி, வலப்புறம் 8 தள்ளி 3 என்ற இடத்திலும், இடப்புறம் 8 தள்ளி −13 என்ற இடத்திலும் அச்சை வெட்டுகிறது. சதுரத்தில் கண்ட 5, 64, 8 மூன்றும் இங்கே மீண்டும் தோன்றுவது தற்செயலன்று. மூலையை அடைத்தபோதே வளைவின் நடுக்கோட்டை நாம் கண்டுபிடித்துவிட்டோம்.

39 இருந்த இடத்தில் −25 இருந்தால் ஆழம் பூஜ்யமாகி, வளைவு அச்சை ஒரே புள்ளியில் தொட்டு மீளும். அதற்கும் குறைந்தால் அச்சை எட்டாது மேலேயே நின்றுவிடும், மெய்யெண்களில் விடையும் இராது. தன்மைக்காட்டி என்று பாடநூல்கள் கணிக்கச் சொல்லும் தொகை, வர்க்கத்தின் குணகம் 1 ஆக இருக்கும்போது இவ்வாழத்தின் நான்கு மடங்கேயாகும். பாக்தாத் பண்டிதரின் கணக்கில் அது 256.