கரையோரத்தில் வீடு
2004 டிசம்பர் 26 அன்று சுனாமி திருகோணமலைக் கரையோரத்தைத் தாக்கியது. அதன்பின், கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்ட அரசு தடை விதித்தது. பின்னர் அதைத் தளர்த்தியது. கரையிலிருந்து விலகிப் போவது மட்டுமே பாதுகாப்பாகிவிடாது. வள்ளமும் வலையும் கண்பார்வையில் இருந்தால்தான் மீனவர் தொழில் நடக்கும். தொலைவில் கட்டிய வீடு உயிரைக் காத்தாலும் பிழைப்பைக் கெடுக்கும். கரையிலேயே குடியிருந்தால் அடுத்த அலை கொண்டுபோகாதா என்ற கேள்வி நியாயமானது. உயர்ந்த அத்திவாரமும் உறுதியான தூண்களும் சேதத்தைக் குறைக்கும், பேரலையைத் தடுக்கமாட்டா. பேரலையிலிருந்து உயிர் தப்ப மேட்டுநிலத்துக்கு நேராகச் செல்லும் ஒழுங்கைகளும் எச்சரிக்கை ஒலியும் வேண்டும். ஆகவே வீட்டோடு தெருவையும் சேர்த்துத் திட்டமிடுவதே நல்ல கரையோரக் கட்டடக்கலை. கடல் திடீரென உள்வாங்கினால் நின்று பார்க்காமல் மேட்டுக்குச் செல்லுங்கள்.