விதி என்று வீட்டில் இருத்தலாமா?

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் சீமையில் மழை ஓராண்டு பொய்த்தால் உழவன் கலப்பையைப் பரணில் போட்டுவிடுவதில்லை. மண்ணின் குணமறிந்து, மறு வருஷம் பருத்தியோ கம்போ விதைக்கிறான். ஆனால், பார்வையோ செவிப்புலனோ இல்லாத குழந்தை பிறந்துவிட்டால், "எல்லாம் விதி" என்று வீட்டோடு இருத்திவிடும் பெற்றோர் இன்றும் நம்மிடையே உண்டு.

கோவில்பட்டிக்குத் தெற்கே பாளையங்கோட்டையில் இந்த விதிக்கு மறுப்பு எழுந்து நூறாண்டுக்கு மேலாகிறது. 1890-ஆம் ஆண்டில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கு அங்கே பள்ளி ஒன்றைத் தோற்றுவித்தார். அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் செவிப்புலனற்ற குழந்தைகளுக்கும் பள்ளி கண்டார்.

இத்தகைய கல்விக்கு ஆதாரம் இரக்கம் மட்டுமன்று, முறையும் வேண்டும். பிரெயில் முறையில் ஆறே புள்ளிகளின் அமைப்புக்குள் தமிழ் எழுத்துக்கள் யாவும் அடங்குகின்றன. கண்ணின் வேலையை விரல் நுனி செய்கிறது. செவி கேளாத குழந்தை பேசாதிருப்பது பெரும்பாலும் நாவின் குறையால் அன்று. பேச்சு காதில் விழாமையால்தான். சைகையும் உதட்டசைவும் எழுத்தும் அதற்கு மொழியாகின்றன. ஆனால் மழலைப் பருவத்திலேயே தொடங்க வேண்டும். பயிருக்குப் போலவே மொழிக்கும் பருவம் உண்டு.

40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள குழந்தைகள், 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கற்கலாம் என்று 2016-ஆம் ஆண்டின் சட்டம் உரிமை வழங்கியிருக்கிறது. சட்டம் பள்ளியின் கதவைத் திறக்கும். குழந்தையின் கைப்பற்றி அதுவரை அழைத்துச் செல்ல வேண்டியவர்கள் பெற்றோரே. அதைத் தள்ளிப் போடலாகாது என்பதே நமது வேண்டுகோள்.